மணமும் பசியும் ஓட்டமும்: யாழ்ப்பாணத்தில் பயிற்சி செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பின்னேரம் ஐந்தரை மணி. நல்லூரில் இருந்து ஓடத் தொடங்கி, பட்டணத்தைத் தாண்டிப் பண்ணைப் பாலத்தின் பக்கம் போகிற வழியில் ஒரு கொத்துக் கடை இருக்கிறது. இரும்புத் தட்டில் தகடுகள் அடிபடுகிற சத்தம் முதலில் வரும். பின்னாலேயே வெங்காயமும் கறிவேப்பிலையும் முட்டையும் சூடான எண்ணெயில் பொரிகிற மணம் வரும். அதுவரைக்கும் இலகுவாக ஓடிவந்த எனக்கு அந்த இடத்தில் வாயில் நீர் ஊறும், வயிறு இரையும், கால் தளரும். பல மாதங்களாக அதைக் களைப்பு என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் கடை பூட்டியிருந்தது. அன்றைக்குக் கால் தளரவே இல்லை.

அதற்குப் பிறகுதான் மணத்தைக் கவனிக்கத் தொடங்கினேன். பயிற்சி செய்கிறவர்கள் சப்பாத்தைப் பற்றிப் பேசுகிறோம், தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோம். மூக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் எந்த நேரத்தில் பசிக்க வேண்டும், எந்த நேரத்தில் பசிக்கக் கூடாது என்பதில் மூக்குக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பயிற்சிக்கு முன் சாப்பாட்டு மணத்தைத் தள்ளி வைக்க வேண்டும், பயிற்சிக்குப் பின் அதே மணத்தைக் கூப்பிட்டு உதவி கேட்க வேண்டும். இதை எப்படிச் செய்வது என்றுதான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதலில், மூக்குக்கும் வயிற்றுக்கும் என்ன தொடர்பு

மூக்கின் மேற்பகுதியில் மணத்தை உணரும் உயிரணுக்கள் இருக்கின்றன. மனிதரிடம் ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிகள் வேலை செய்கின்றன. இவற்றை உருவாக்கும் மரபணுக்களை 1991இல் லிண்டா பக், ரிச்சர்ட் அக்செல் இருவரும் கண்டுபிடித்தார்கள். 2004இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மணம் பல ஏற்பிகளை ஒரே நேரத்தில் தட்டுகிறது. அந்தக் கூட்டுத்தான் மூளைக்கு 'இது பாண்', 'இது கருவாடு' என்று சொல்கிறது. ரம்பை இலையின் மணத்துக்கும் பாசுமதிச் சோற்றின் மணத்துக்கும் சூடான பாணின் கரைக்கும் பொதுவான ஒரு மூலக்கூறு உண்டு. சோற்றுக்குள் ரம்பை போட்டு அவிக்கிற வழக்கம் எவ்வளவு பொருத்தமானது என்று பாருங்கள்.

மற்றப் புலன்களின் செய்தி மூளையில் ஓர் இடைத்தரிப்பில் நின்றுதான் மேலே போகும். மணத்தின் செய்தி அப்படி நிற்காமல் உணர்ச்சியும் நினைவும் இருக்கிற பகுதிகளுக்கு நேரே போய்விடும். அதனால்தான் பொரிக்கிற மீன் மணத்தில் அம்மம்மா வீட்டுக் குசினி சட்டென்று நினைவுக்கு வருகிறது. அதே வேகத்தில் வயிறும் ஆயத்தமாகத் தொடங்கும். உமிழ்நீர் சுரக்கும், இரைப்பையில் அமிலம் ஊறும், கொஞ்சம் இன்சுலினும் வெளிவரும். ஒரு கவளம் கூட உள்ளே போகாமலே நடக்கிற இந்த ஆயத்தத்தை ஆராய்ந்தவர்களில் முன்னோடி ரஷ்யாவின் பாவ்லோவ். செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இன்னொரு பக்கம் கிரெலின் என்ற பசி ஹோர்மோன். 1999இல் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்டது. வயிறு வெறுமையாக இருக்கும்போது கூடும், சாப்பிட்டதும் குறையும். நாம் வழக்கமாகச் சாப்பிடுகிற நேரம் நெருங்கும்போதும் அது ஏறும். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு வடையும் தேத்தண்ணியும் எடுக்கிறவருக்கு, ஆறு மணிக்கு ஓடுகிறபோதும் பசிக்கத்தான் செய்யும்.

இன்னும் ஒரு விஷயம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனிப்பு மணம் இனிப்பின் மேல் ஆசையைக் கூட்டும், உறைப்பு, உப்புச் சாப்பாட்டின் மணம் அந்த வகைச் சாப்பாட்டின் மேல் ஆசையைக் கூட்டும். மணம் பொதுவாகப் பசியைக் கிளப்புவதோடு நிற்பதில்லை, எதைச் சாப்பிட வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறது. ஐந்தாம் படியில் இது தேவைப்படும்.

படி 1: இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பி

ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பி போதும். பயிற்சி செய்கிற ஒவ்வொரு நாளும் நான்கு விஷயம் எழுதுங்கள்: கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, பயிற்சிக்கு முன்னும் நடுவிலும் மூக்கில் பட்ட மணங்கள், பசி பத்தில் எத்தனை, உடம்பு எப்படி இருந்தது. என் கொப்பியில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: 'செவ்வாய். மத்தியானம் ஒன்றரைக்குச் சோறு. 5.20க்கு வெளிக்கிடும்போது பக்கத்து வீட்டில் மீன் பொரியல். பசி 3 இருந்தது, 6 ஆகிவிட்டது. முதல் ஒரு கிலோமீற்றரும் மனம் வீட்டில். பண்ணைக்கு வந்த பிறகு சரி.'

வேகத்தை மட்டும் எழுதாதீர்கள். அது வெயில், நித்திரை, காற்று எல்லாவற்றையும் பொறுத்து மாறும். மனம் எங்கே நின்றது என்பதை எழுதுங்கள். பொரியல் மணத்தால் தசையின் பலம் குறைந்துவிடாது. ஆனால் கவனம் சிதறினால் அதே வேகம் பாரமாகத் தெரியும்.

படி 2: பயிற்சிக்கு முந்திய மூன்று மணி நேரம்

முழுச் சாப்பாட்டுக்கும் கடுமையான பயிற்சிக்கும் இடையில் இரண்டு தொடக்கம் மூன்று மணி நேரம் விடுங்கள். ஓடும்போது இரத்தம் தசைக்குப் போகிறது, குடலுக்குப் போவது குறைகிறது. எண்ணெய்ச் சாப்பாடு இரைப்பையில் அதிக நேரம் கிடக்கும். பள்ளிக்கூட இல்ல மெய்வல்லுநர் போட்டிகளில் இதை ஒவ்வொரு வருசமும் பார்க்கிறேன். மைதானத்து ஓரத்தில் றோல்ஸ் பொரிக்கிற மணம் வரும், பிள்ளை இரண்டு வாங்கிச் சாப்பிடும், அரை மணி நேரத்தில் 1500 மீற்றருக்குக் கூப்பிடுவார்கள். கடைசிச் சுற்றில் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுக்கும். பொறுப்பாசிரியர்கள் ஓட்டக்காரப் பிள்ளைகளைச் சாப்பாட்டுக் கொட்டிலுக்குக் காற்று வருகிற பக்கமாக இருத்தினாலே இதில் பாதி குறையும்.

பின்னேரம் ஓடுகிறவர்களுக்கு வீட்டுச் சமையல்தான் பெரிய சோதனை. வெளிக்கிடுகிற நேரத்தில் குசினியில் தாளிதம் நடக்கும். சப்பாத்தைக் குசினி வாசலில் கட்டாமல் முன் விறாந்தையில் கட்டுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் ஐந்து நிமிட மணம் மிச்சம்.

மணம் பட்டுப் பசி கிளம்பிவிட்டால் என்ன செய்வது? முதலில் அது எந்தப் பசி என்று பாருங்கள். 'வெறும் பாண் துண்டு ஒன்று தந்தால் சாப்பிடுவேனா?' என்று உங்களையே கேளுங்கள். சாப்பிடுவேன் என்றால் அது வயிற்றுப் பசி. ஒரு கதலி வாழைப்பழம் சாப்பிட்டு அரை மணி கழித்து ஓடுங்கள். 'பாண் வேண்டாம், அந்தக் கொத்துத்தான் வேண்டும்' என்றால் அது மூக்குப் பசி. காற்றோட்டமான இடத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் நடந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அரை மணி நேர மெல்லோட்டத்துக்கு முன்சாப்பாடு தேவையில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேலே கடுமையாகச் செய்யப்போகிறீர்கள் என்றால் ஒரு மணி நேரத்துக்கு முன் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 கிராம் மாச்சத்து என்பது நல்ல கணக்கு. 60 கிலோ இருக்கிறவருக்கு 60 கிராம். இரண்டு வாழைப்பழமும் ஒரு துண்டு பாணும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வரும்.

தூள் வறுக்கிற நாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா தாச்சியில் முதலில் மல்லியைப் போடுவார். அது மெல்லச் சூடேறிப் பொன்னிறத்துக்கு வரும்போது வீடு முழுக்கப் பரவுகிற மணத்தில் யாருக்கும் பசிக்கும். பிறகு பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை. கடைசியாகச் செத்தல் மிளகாய். அது கறுக்கத் தொடங்கும்போது மணம் போய் நெடி வரும். முற்றத்தில் நிற்கிறவரும் இருமுவார். மிளகாயின் உறைப்புப் பொருளான கப்சைசின் காற்றில் ஏறி, சூட்டை உணரும் நரம்பு ஏற்பிகளைத் தட்டுகிறது. அதே ஏற்பி தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கிறது. கடுமையாக ஓடும்போது நாம் வாயாலும் மூச்சு வாங்குகிறோம், மூக்கின் வடிகட்டல் குறைகிறது, நெடி நேரே உள்ளே போகிறது. தூள் வறுக்கிற நாளில் வீட்டு முற்றத்தில் உடற்பயிற்சி வேண்டாம். ஆஸ்துமா இருக்கிறவர்கள் அன்றைக்கு வெளியே தள்ளி நடப்பது நல்லது.

படி 3: பாதையை மூக்காலும் தெரிவு செய்யுங்கள்

யாழ்ப்பாணத்தில் ஓடுகிறவர்களுக்கு இடத்துக்குக் குறைவில்லை. துரையப்பா விளையாட்டரங்கு, முற்றவெளி, பண்ணைப் பாலம், பழைய பூங்கா என்று பட்டணத்துக்குள்ளேயே இருக்கின்றன. இவற்றில் எனக்குப் பிடித்தது பண்ணை. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் காற்று தென்மேற்கில் இருந்து கடல்நீரேரியைத் தாண்டி வருகிறது. வேலணைப் பக்கம் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகில் தள்ளும். அதில் சாப்பாட்டு மணம் ஒன்றும் இருக்காது. வாடைக்காற்றுக் காலத்தில் காற்று மறுபக்கத்தில் இருந்து வரும். பட்டணத்துப் புகையும் பொரியலும் கூடவே வரும்.

நீர் வற்றிக் கிடக்கிற நாட்களில் அங்கே சேற்று மணம் எழும். சிலருக்கு வேகமாக ஓடும்போது அதில் ஓங்காளம் வரும். ஆனால் குருநகர், பாசையூர்ப் பக்கம் வளர்ந்த என் நண்பர்களுக்கு அது வீட்டு மணம். கருவாடு காய்கிற இடத்தைத் தாண்டும்போது அவர்களுக்குப் பசிக்கிறது, எனக்கு மூச்சு அடைக்கிறது. மணத்துக்கு நாம் காட்டுகிற எதிர்வினையில் பெரும்பகுதி பழகியது. அதனால் இன்னொருவருடைய பாதையை அப்படியே எடுக்காமல் உங்கள் கொப்பியைப் பாருங்கள்.

பின்னேரங்களில் குப்பை எரிக்கிற ஒழுங்கைகளைக் கட்டாயம் தவிருங்கள். அங்கே கேள்வி பசியைப் பற்றியது இல்லை, நுரையீரலைப் பற்றியது.

பாதையை மாற்ற முடியாதென்றால் திசையை மாற்றுங்கள். நான் செய்தது அதுதான். கொத்துக் கடை முன்பு நாலாவது கிலோமீற்றரில் வந்தது. சுற்றைத் திருப்பி ஓடி அதை முதல் கிலோமீற்றருக்குக் கொண்டுவந்தேன். உடம்பு புதிதாக இருக்கும்போது அந்த மணத்தைக் கடப்பது இலகு, ஒரு நிமிடத்தில் பின்னால் போய்விடுகிறது.

படி 4: நடுவில் உதவக்கூடியவை

இங்கே எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். மணத்தால் உடம்புக்குப் புதிதாகப் பலம் வருவதில்லை. முயற்சி எவ்வளவு கடினமாகத் தெரிகிறது என்பதைத்தான் அது கொஞ்சம் மாற்றும்.

2001இல் அமெரிக்காவில் ராடன்புஷ் என்ற உளவியலாளரும் குழுவினரும் விளையாட்டு வீரர்களுக்கு மிளகுப் புதினா மணத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 400 மீற்றர் ஓட்டம், கைப்பிடிப் பலம், தண்டால் எண்ணிக்கை ஆகியவற்றில் முன்னேற்றம் இருந்தது. கூடைப்பந்தைக் குறிபார்த்துப் போடுவதில் இருக்கவில்லை. சின்ன ஆய்வு அது. ஆனாலும் கைக்குட்டையில் நாலு புதினா இலையைக் கசக்கி வைத்து முகர்ந்து பார்ப்பதில் நட்டமில்லை.

எங்கள் வெக்கைக்கு இதைவிடப் பொருத்தமானது மென்தோல் (மிளகுப் புதினாவுக்குக் குளிர்ச்சி தருகிற பொருள்) கலந்த நீரால் வாய் கொப்பளிப்பது. 34 பாகை வெப்பத்தில் சைக்கிள் ஓடியவர்கள் இப்படிச் செய்தபோது ஏறத்தாழ 9 சதவீதம் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்ததாக 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. மென்தோல் குளிர்ச்சியை உணரும் ஏற்பியைத் தட்டுகிறது, அதனால் உடம்பு குளிர்ந்ததாகத் தோன்றுகிறது. தோன்றுகிறது, அவ்வளவுதான், உடல் வெப்பம் இறங்கவில்லை. சித்திரை, வைகாசியில் பகல் பத்து மணிக்குப் பிறகு மென்தோலை நம்பி ஓடினால் வெப்பத்தாக்கு வரும். விடிய வெள்ளன ஓடுங்கள், தண்ணீர் குடியுங்கள். புதினாவில் இருந்து எடுத்த எண்ணெயை நேராக வாயில் விடாதீர்கள்; மிகவும் கடுமையானது.

மூன்றாவது, மாச்சத்துக் கரைத்த நீரால் வாய் கொப்பளிப்பது. இது மணம் இல்லை, ஆனால் அதே கதைதான். 2004இல் பிரிட்டனில் சைக்கிள் வீரர்கள் ஏறத்தாழ 6 சதவீத மாச்சத்துக் கரைசலால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு ஒரு மணி நேரம் மிதித்தார்கள். ஒரு சொட்டும் விழுங்காமலே செயல்திறன் 3 சதவீதம் வரை கூடியது. சாப்பாடு வருகிறது என்ற செய்தி வாயில் இருந்து மூளைக்குப் போனதே போதுமாக இருந்தது. போட்டிக்கு முன் பதற்றத்தில் வயிறு ஒன்றையும் ஏற்காத பிள்ளைகளுக்கு இது நல்ல வழி: 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 6 கிராம் குளுக்கோசு கரைத்து, வாயில் 10 செக்கன் வைத்துத் துப்பச் சொல்லுங்கள்.

படி 5: பயிற்சிக்குப் பின் மணத்தைக் கூப்பிடுங்கள்

அக்காவின் மகன் உதைபந்தாட்டம் விளையாடுகிறான், பதினாறு வயது. ஆறரைக்கு மைதானத்தில் இருந்து வருவான், சோடா ஒன்றைக் குடிப்பான், சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிடுவான். இரவு பத்தரைக்கு எழும்பி பிஸ்கட் பைக்கற்றோடு இருப்பான். விடிய எழும்பினால் கால் உளைவு. அக்கா என்னிடம், "தம்பி, இவன் ஒண்டும் சாப்பிடுறான் இல்லை, நீ கேட்டுப் பார்" என்றார்.

அவன் பொய் சொல்லவில்லை. கடும் பயிற்சி கிரெலினைத் தற்காலிகமாக இறக்கிவிடும். கொதித்துப்போயிருக்கிற உடம்பும் பசியை அடக்கும். நடையில் இப்படி நடப்பதில்லை. குளிர்ந்த நீரில் நீந்தினால் நேர்மாறாகப் பசி கூடும். கீரிமலைக் கேணியில் குளித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் தெரியும், வழியில் வடைக்கடையைத் தாண்ட மாட்டார்கள்.

அதனால் அவனுக்கு ஓர் ஒழுங்கு செய்தோம். வந்தவுடன் தண்ணீர். கிணற்றடியில் நல்லாய்த் தலையில் வார்த்துக் குளிப்பு. பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் விறாந்தையில் இருக்க வேண்டும், யாரும் சாப்பிடச் சொல்லி ஆக்கினைப்படுத்தக் கூடாது. அந்த நேரத்தில்தான் அக்கா பிட்டு அவிக்க வைப்பார். முன்பு ஆறு மணிக்கே அவித்து மூடி வைத்துவிடுவார், அவன் வரும்போது ஆறிப்போய் மணம் ஒன்றும் இருக்காது.

நீத்துப்பெட்டியில் பிட்டு அவிவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? முதலில் வருவது பனையோலையின் மணம், ஈரமான ஓலை சூடேறுகிற மணம். பிறகு ஆவி அரிசிமாவுக்குள்ளால் ஏறி மேலே வரும்போது தேங்காய்ப்பூவின் மணம் கலக்கும். மூடியைத் திறக்கிற அந்தக் கணத்தில் எல்லாம் சேர்ந்து முகத்தில் அடிக்கும். இதில் எண்ணெய் இல்லை, நெடி இல்லை. களைத்த வயிற்றைக் கலக்காமல் பசியைக் கிளப்புகிற மணம் இது. பொரியல் மணம் அந்த நேரத்தில் சிலருக்கு ஓங்காளத்தைத்தான் தரும்.

இரண்டாம் கிழமையே அவன் தானாகக் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்தான். இப்போது படலையைத் திறக்கும்போதே, "மாமா, இண்டைக்கு என்ன பிட்டு, குரக்கனோ?" என்று கேட்கிறான். ஒரே நேரம், ஒரே ஒழுங்கு, ஒரே மணம் என்று கொண்டுபோனால் உடம்பு அதைப் படித்துக்கொள்ளும்.

இனிப்பு மணத்தால் தொடங்காதீர்கள். சூடான கேக்கும் பணிஸும் முதலில் மணக்குமென்றால் ஆசை இனிப்பில்தான் போகும், சோறும் மீனும் பின்னுக்குப் போய்விடும். எதைச் சாப்பிட வேண்டுமோ அதன் மணம் முதலில் வரட்டும். அளவைப் பொறுத்தவரை ஒரு வேளைக்கு 20 கிராம் அளவு புரதம் நல்லது. மூன்று முட்டை, அல்லது 100 கிராம் மீன் அதற்குக் கிட்டத்தட்டச் சரி. விடிய மறுபடியும் கடும் பயிற்சி இருக்கிறதென்றால் பிட்டு, சோறு, இடியப்பம் எதுவானாலும் தாராளமாகப் போடுங்கள்.

மெலிவதற்காக நடக்கிறவர்கள் இதை மாற்றிச் செய்ய வேண்டும். நடை பசியை அடக்காது. திரும்புகிற வழியில் வெதுப்பகம் இருந்தால் எரித்ததைவிடக் கூட உள்ளே போகும். வீட்டுக்கு வருகிற கடைசி 500 மீற்றரைக் கடை இல்லாத ஒழுங்கையாகத் தெரிவு செய்யுங்கள். பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற பாண் ஓட்டோவின் நேரத்தையும் அறிந்து வைத்திருங்கள். மணத்தில் இருந்து தப்ப வழியே இல்லையென்றால் அவசரப்பட்டு வாங்காமல் நில்லுங்கள். ஒரே சாப்பாட்டு மணத்தில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் நின்றால் அதன் மேல் இருந்த ஆசை குறையத் தொடங்குவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. மணம் பட்ட முதல் அரை நிமிடம்தான் ஆபத்து.

படி 6: சில விசேட நிலைமைகள்

விரதம்: நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஒரு நேரம் சாப்பிட்டுக்கொண்டு ஓடுகிறவர்களை எனக்குத் தெரியும். பசித்திருக்கும்போது மூக்கு கூர்மையாகும், தூரத்துப் பொரியலும் பக்கத்தில் மணக்கும். அந்த நாட்களில் கடும் பயிற்சியைக் குறைத்து நடையும் மெல்லோட்டமுமாக வைத்துக்கொள்ளுங்கள். கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருக்கிறவர்கள் ஓடவே வேண்டாம்.

தடிமன்: மூக்கு அடைத்தால் மணம் போகும், மணம் போனால் சாப்பாட்டின் சுவையில் பெரும்பகுதி போகும். வாயில் மெல்லும்போது தொண்டைக்குப் பின்னால் ஏறிப் போகிற மணம்தான் கறியைக் கறியாக்குகிறது. கொரோனாவுக்குப் பிறகு மாதக்கணக்காக மணம் இல்லாமல் இருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பசிக்கும் வரை பார்த்திருக்காமல் மணிக்கூட்டைப் பார்த்துச் சாப்பிடுங்கள். வயது போகப் போக மோப்பம் குறைவதால் அறுபதைத் தாண்டி நடைக்கு வருகிறவர்களுக்கும் இதே ஆலோசனைதான்.

வெறுத்துப்போன மணம்: சில வருசங்களுக்கு முன் ஒரு கடையில் மீன் றோல்ஸ் சாப்பிட்டுவிட்டு ஓடப்போய், பாதி வழியில் சத்தி எடுத்தேன். அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் றோல்ஸ் மணம் பட்டாலே வயிறு புரட்டியது. ஒரே தடவையில் உடம்பு படித்துக்கொள்கிற பாடம் இது. அந்தச் சாப்பாடு கெட்டதா, ஓட்டத்தால் வந்ததா என்று மூளை விசாரிப்பதில்லை. அதனால் போட்டி நாளில் புதிய சாப்பாடு எதையும் பரீட்சித்துப் பார்க்காதீர்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த சாப்பாட்டைக் கடும் ஓட்டத்துக்கு முன் சாப்பிட வேண்டாம் என்பதும் என் கருத்து.

நீரிழிவு: இன்சுலின் ஊசியோ சீனியைக் குறைக்கும் குளிசையோ எடுக்கிறவர்கள் பசியை 'மூக்குப் பசி' என்று தள்ளிவிடக் கூடாது. கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி மூன்றும் சேர்ந்து வந்தால் அது சீனி இறங்குகிற அறிகுறியாக இருக்கலாம். உடனே நின்று குளுக்கோசோ இனிப்போ எடுங்கள். பொக்கற்றில் நாலு இனிப்பு எப்போதும் இருக்கட்டும். பயிற்சி நேரத்தையும் மருந்து நேரத்தையும் உங்கள் வைத்தியரோடு பேசி ஒழுங்கு செய்த பிறகு, மேலே சொன்ன கொப்பியில் ஐந்தாவதாகச் சீனி அளவுக்கும் ஒரு நிரல் போட்டுக்கொள்ளுங்கள்.